நம்பாதவரும் பாதிரியாரும்

தமிழில் கடித இலக்கியம் என்று பேச்செடுத்தால் முதலில் டி.கே.சி.யின் பெயர் வரும். அடுத்தபடியாகக் கி. ராஜநாராயணனுக்குக் கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரே ருசி உள்ளவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுகிறவருக்கு இனிப்பது படிக்கிறவருக்கும் இனிக்கிறது. சுகமான விஷயம், குறைசொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனால் கடவுள் உண்டா, சரி தப்பு என்பதற்கு மனிதனுக்கு வெளியே ஏதாவது ஆதாரம் உண்டா என்ற இடத்திலேயே ஒத்துப்போக முடியாத இருவர் பத்து வருஷம் எழுதிக்கொண்டால் அதில் என்ன இருக்கும்? இந்தக் கேள்வி சில காலமாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படி ஒரு தொகுதி இருக்கிறது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸும், அயர்லாந்தில் டொனரேல் என்ற சிற்றூரின் பங்குத் தந்தையாக இருந்த கானன் பாட்ரிக் ஷீஹனும் 1903 முதல் 1913 வரை எழுதிக்கொண்டவை. டேவிட் பர்ட்டன் என்ற சரித்திரப் பேராசிரியர் 1976இல் பதிப்பித்தார். சின்னப் புத்தகம். ஹோம்ஸின் மற்றக் கடிதங்களை, பிரெடரிக் பாலக்குடனும் ஹரால்ட் லாஸ்கியுடனும் அவர் நடத்திய பெரும் போக்குவரத்தை, வைத்துப் பார்த்தால் இது ஒரு மூலையில் கிடக்கும் சங்கதி. பெரிய தொகுதிகளில் ஹோம்ஸ் ஜொலிக்கிறார். இதில் அவ்வளவாக ஜொலிக்கவில்லை. அதனாலேயே எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ஹோம்ஸ் 1841இல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பாவும் பெயர்பெற்ற டாக்டர், எழுத்தாளர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடக்குப் படையில் சேர்ந்து மூன்று முறை குண்டடிபட்டார். முதல் தடவை, 1861 அக்டோபரில், மார்பில். வயது இருபது. பிழைக்கமாட்டோம் என்று நினைத்துக் கிடந்த அந்த ராத்திரியில் ஒரு விசாரம் வந்திருக்கிறது: ஊரில் பெரும்பாலோர் நம்புகிறபடி பார்த்தால் நான் நரகத்துக்குத்தான் போகவேண்டும், இப்போதாவது மனம் மாறிவிடலாமா? பயத்தில் மாறுவது கோழைத்தனம் என்று முடிவுகட்டினார். இதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். மரணம் பக்கத்தில் வந்தால் நாஸ்திகன் சாமி கும்பிட்டுவிடுவான் என்று நம்முடைய திண்ணைகளில் அடித்துச் சொல்வார்களே, அவர்களுக்கு இது ஒரு பதில். 1881இல் பொதுச் சட்டம் பற்றிய புத்தகம். 1882 முதல் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் இருபது வருஷம். 1902இல் சுப்ரீம் கோர்ட். 1932இல் தொண்ணூறு வயதில் ஓய்வு. சட்டம் என்பது வானத்தில் தொங்கும் ஏதோ ஒன்று அல்ல, கோர்ட் என்ன செய்யும் என்று முன்கூட்டி ஊகிப்பதுதான் சட்டம் என்று 1897இல் ஒரு சொற்பொழிவில் சொன்னார். தர்மத்தையும் சட்டத்தையும் போட்டுக் குழப்பாதே என்பது அவர் கட்சி.

ஷீஹன் 1852இல் கார்க் ஜில்லாவில் மாலோ என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். 1875இல் குருப்பட்டம். 1895இலிருந்து சாகும் வரை டொனரேல். நாவலாசிரியர், 1900இல் புத்தகமாக வந்த 'என் புதிய உதவிப் பாதிரி' என்ற நாவல் அவர் பெயரை அமெரிக்கா வரை கொண்டுபோயிற்று. அவருடைய நாவல்கள் பெரிய இலக்கியம் என்று நான் வாதாடமாட்டேன். பாத்திரங்கள் அடிக்கடி பிரசங்க மேடை ஏறிவிடுகின்றன. ஆனால் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதிய சிந்தனைக் குறிப்புகளில் ஆள் வேறு. ஜெர்மன் தத்துவமும், கதேயும், ஜான் பால் ரிக்டரும் படித்து ஊறிய மனசு. அதைப் பகிர்ந்துகொள்ள அந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. அதற்காக ஊரை விட்டுப் போனவருமல்ல. 1903இன் நிலச் சட்டம் வந்தபோது குத்தகைக்காரர்களுக்கும் நிலச்சுவான்தாருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசி, உழுதவர்களே நிலத்தை வாங்கிக்கொள்ள வழிசெய்தார். ஊருக்குக் குடிதண்ணீரும் மின்சாரமும் வந்ததில் அவர் பங்கு உண்டு.

இருவரையும் சேர்த்துவைத்தது டொனரேல் அரண்மனை. அங்கே இருந்த லார்ட் காஸில்டவுனின் மனைவி கிளேர் மேல் ஹோம்ஸுக்கு இருந்த ஈடுபாடு வெறும் நட்பல்ல என்பது அவர் அந்த அம்மாளுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து, இருவரும் செத்து வெகுகாலம் கழித்து, வெளியே தெரிந்தது. ஆக, பாதிரியார் வீட்டுக்கு நீதிபதி போன பாதை ஒரு காதல் வழியாகத்தான் போயிருக்கிறது. போகட்டும், நல்ல காரியங்கள் எல்லாம் நல்ல காரணத்தால்தான் தொடங்கவேண்டும் என்று யார் சொன்னது? 1903 கோடையில் சந்தித்தபோது ஹோம்ஸுக்கு அறுபத்திரண்டு வயது, ஷீஹனுக்கு ஐம்பத்தொன்று. அதற்குப் பிறகு நேரில் பார்த்தது மிகச் சில தடவை. மற்றதெல்லாம் அட்லாண்டிக்கைக் கடந்து போன தபால்.

ஹோம்ஸ் தம் சொற்பொழிவுத் தொகுப்பை ஷீஹனுக்கு அனுப்பினார். அதில் 1886இல் மாணவர்களிடம் பேசிய ஒரு பேச்சு உண்டு: சிந்திக்கிறவனின் தனிமை, சாகிறவனின் தனிமையைவிடக் கடுமையானது என்கிற மாதிரி. வாஷிங்டனில் உத்தியோக கௌரவத்தின் உச்சியில் இருந்தவருக்கும், கார்க்கில் ஒரு பங்கு வீட்டில் இருந்தவருக்கும் பொதுவாக இருந்தது இந்தத் தனிமைதான் என்று நினைக்கிறேன். கொள்கையை வைத்து நட்பு வரும் என்று நினைக்கிறோம். ஒரே கொள்கைக்காரர்கள் நிறையப் பேர் சேர்ந்தால் சங்கம் வரும், பத்திரிகை வரும், பிறகு சண்டை வரும். இந்த இருவரிடமும் இருந்தது கொள்கை ஒற்றுமை அல்ல. ஒரே அளவு பசி. என்ன படித்தீர்கள் என்று ஒருவர் கேட்கிறார்; மற்றவர் சொல்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நடுவில் எங்கோ ஒரு வாக்கியத்தில், உங்களோடு இந்த இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டு அங்கேயே நின்று குடைவதில்லை. பாதிரியார் நீதிபதியை மதம் மாற்ற முனையவில்லை. நீதிபதி பாதிரியாரை அறிவாளியாக்கப் பார்க்கவில்லை. இரண்டாவதுதான் அபூர்வம்.

அபூர்வம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நம்பாதவனுக்கு நம்புகிறவனிடம் ஒரு செல்லப் பரிதாபம் வந்துவிடும். குழந்தை பொம்மை வைத்திருக்கிறது, பிடுங்கவேண்டாம் என்கிற பெருந்தன்மை. ஹோம்ஸுக்கு அது வராமல் தடுத்தது அவருடைய நாஸ்திகம் அல்ல, சந்தேகம். இரண்டும் வேறு. உண்மை என்று நான் சொல்வது, நான் நம்பாமல் இருக்க முடியாத ஒன்று, அவ்வளவுதான் என்பது அவர் நிலை. என் மனசுக்கு இப்படித் தோன்றாமல் இருக்க முடியவில்லை. பிரபஞ்சத்துக்கும் அப்படித்தான் தோன்றும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இப்படிப்பட்டவன் பாதிரியாரின் விசுவாசத்தைப் பொய் என்று ஒதுக்கித்தள்ளவும் முடியாது. அதுவும் ஒரு 'முடியாமை'தானே.

இந்த இடம் என்னைச் சும்மா விடுவதில்லை. என்னோடு பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் ஒருவன் செமினாரிக்குப் போய்ப் பாதிரியாராகி, இப்போது ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறான். மானாவாரிக் கடலையும் மரவள்ளியும் விளைகிற பூமி. போன் இருந்தாலும் நாங்கள் இன்லண்ட் லெட்டரில்தான் எழுதிக்கொள்கிறோம். நான் ஒரு கவிதைத் தொகுப்பைக் கண்டித்து எழுதியதைப் படித்துவிட்டு எழுதினான்: "மேலே ஒருத்தனும் இல்லை என்கிறாய். சரி. அப்படியானால் இந்தக் கவிதை மட்டம் என்று எதன் பேரில்டா சொல்கிறாய்? உனக்குப் பிடிக்கவில்லை என்று எழுது. மட்டம் என்று எழுதாதே. மட்டம் என்றால் ஒரு மட்டப்பலகை எங்கோ இருக்கவேண்டும்."

நான் பகலில் வங்கியில் காசோலை பாஸ் செய்கிறவன். கையெழுத்து சரியா என்று பார்க்க வாடிக்கையாளரின் மாதிரிக் கையெழுத்து பதிவில் இருக்கிறது. ஒத்திட்டுப் பார்த்து, செல்லும் செல்லாது என்று சொல்லிவிடலாம். கவிதைக்கு மாதிரிக் கையெழுத்து எந்தப் பதிவில் இருக்கிறது? நண்பன் இருக்கிறது என்கிறான். அது தேவனிடத்தில் இருக்கிறது, நமக்கு மங்கலாகத் தெரிகிறது என்கிறான். க.நா.சு.வைக் கேட்டால், நல்லதை நிறையப் படித்தவன் மனசில் இருக்கிறது என்றிருப்பார். ஹோம்ஸை வைத்துத்தான் நான் பதில் எழுதினேன்: இந்தக் கவிதை மட்டம் என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதற்கு மேல் ஆதாரம் கிடையாது. ஆனால் அதுவே எனக்குப் போதுமான கட்டாயம். அவன் திருப்தியடையவில்லை. அடுத்த கடிதத்தில் ஒரே வரி: "முடியவில்லை என்று உன்னைக் கட்டிப்போட்டிருப்பது யார்?" இதற்கு நான் இன்னும் எழுதவில்லை.

ஹோம்ஸுக்குச் சமமாக ஒன்றை நம்மிடம் தேடினால் உடனே நினைவுக்கு வருகிறவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. இங்கே நீதிபதியே கத்தோலிக்கர். 1862இல் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர். அவருக்கும் சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இருந்த சிநேகத்தைச் சாமிநாதையர் சொல்லித் தெரியும். மகாவித்துவான் அவர் மேல் 'குளத்தூர்க் கோவை' பாடினார். அழகான உறவுதான். ஆனால் இருவருமே நம்புகிறவர்கள். நம்புகிறவர்கள் ஒருவர் தெய்வத்தை ஒருவர் மதிப்பது நமக்குப் பழகிய நாகரிகம். நம்பாதவனுக்குத்தான் இங்கே உட்கார இடம் இல்லை, மேடையைத் தவிர. விதிவிலக்காகச் சொல்லவேண்டுமானால் சேலத்தில் வக்கீல் தொழில் செய்த ராஜாஜியும், 1944இல் இதே சேலத்து மாநாட்டில் நீதிக் கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய பெரியாரும். பொது வாழ்க்கையில் இருவரும் ஒருவரையொருவர் விட்டுவைக்கவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜியின் தகனத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்த தொண்ணூற்றுமூன்று வயதுப் பெரியார் அழுதார். அந்த அழுகையை விளக்க இரண்டு கட்சிக்காரர்களும் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நமக்கு நட்பு என்றால் அது ஏதோ ஒரு பக்கத்தின் வெற்றியாக இருக்கவேண்டும்.

சிறுபத்திரிகை உலகமும் இதற்கு விலக்கல்ல. ஒரு கவிதையைப் பற்றி அபிப்பிராயம் வேறுபட்டால் அடுத்த இதழில் இவன் நேர்மை சந்தேகத்துக்குரியதாகிவிடும். அதற்கு அடுத்த இதழில் தனிக் கடிதம் அச்சேறும். கடிதம் என்பதே பின்னால் சாட்சியமாகப் பயன்படும் என்று தெரிந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஷீஹன் 1911இல் ஒரு புத்தகம் எழுதினார். பலவகை மதத்தவரும் அபிப்பிராயக்காரர்களும் ஒரு கிளப்பில் கூடி விவாதிப்பதாக உரையாடல் வடிவம். புத்தகம் என்ற அளவில் தேறாது. பேசுகிறவர்கள் அனைவருக்கும் ஆசிரியரின் குரல். ஆனால் அவர் எதற்கு ஆசைப்பட்டார் என்று தெரிகிறது. அந்த ஆசை நிறைவேறியது கிளப்பில் அல்ல, தபால் பெட்டியில்.

கடைசிச் சந்திப்பு 1913 கோடையில். ஷீஹனுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. இருவருக்கும் தெரியும். என் புத்தக அறைக்குப் போய் உங்களுக்கு வேண்டிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாதிரியார் சொல்கிறார். ஹோம்ஸ் எடுத்தது ஸ்பெயின் தேசத்து ஏசுசபைக்காரர் ஸுவாரஸ் லத்தீனில் எழுதி 1612இல் வெளியான 'சட்டங்கள் பற்றி'. மனிதச் சட்டத்துக்கு மேலே இயற்கைச் சட்டம், அதற்கும் மேலே தேவனின் நித்தியச் சட்டம் என்று அடுக்கடுக்காகக் கட்டி எழுப்பிய கோபுரம். ஹோம்ஸ் வாழ்நாளெல்லாம் இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றும் அதில் உண்டு என்று நிறுவப்பட்டிருக்கிறது. (அந்தப் புத்தகம் அச்சாகிப் பதினொரு வருஷத்தில், 1623இல், அதே சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி சன்னியாசி வேஷத்தில் இந்தச் சீமைக்கு நடந்து வந்தார். நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கும், பிறகு சேலத்துக்கும். அவர் மூட்டையில் ஸுவாரஸ் இருந்திருக்கமாட்டார்; ஆனால் அந்தக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்த படிப்புதான்.) ஹோம்ஸ் ஒரு நாவலை எடுத்திருக்கலாம். ஷீஹன் எழுதியதையே கையெழுத்தோடு வாங்கியிருக்கலாம். அதுதான் மரியாதை என்றுகூடச் சொல்வார்கள். தான் மறுப்பதை, அதன் கனத்தோடு, நண்பனின் அலமாரியிலிருந்து தூக்கிக்கொண்டு கப்பலேறினார். 1913 அக்டோபர் 5 அன்று ஷீஹன் இறந்தார்.

அந்தப் புத்தகம் ஹோம்ஸை மாற்றவில்லை. 1918இல் இயற்கைச் சட்டம் என்ற தலைப்பிலேயே ஒரு சிறு கட்டுரை எழுதி, அதை நம்புகிற சட்ட அறிஞர்கள் தமக்குப் பழகிப்போனதை எல்லாருக்கும் பொதுவானது என்று எண்ணும் வெகுளிகள் என்றார். 1940களில், ஹோம்ஸ் செத்த பிறகு, ஏசுசபைச் சட்டப் பேராசிரியர்கள் சிலர் பதிலுக்குப் புறப்பட்டார்கள். தர்மத்தைச் சட்டத்திலிருந்து பிடுங்கிப்போட்டவர், சர்வாதிகாரத்துக்குக் கதவு திறந்துவிட்டவர் என்று. ஹிட்லர் பெயரோடு ஹோம்ஸின் பெயரைச் சேர்த்துத் தலைப்பிட்ட கட்டுரையும் 1945இல் ஒரு வக்கீல் எழுதி வந்தது. ஹோம்ஸின் அபிமானிகள் இதையெல்லாம் மதவெறி என்று தள்ளினார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஹோம்ஸின் சந்தேகம் நல்லதும் செய்திருக்கிறது. ரொட்டிக் கடைத் தொழிலாளி வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலைசெய்யக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை 1905இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தபோது அவர் தனியாக மறுத்து எழுதினார். அரசியல் சட்டம் எந்தப் பொருளாதாரக் கொள்கைக்கும் தாலி கட்டிக்கொள்ளவில்லை என்பது சாரம். அந்தத் தொழிலாளர் சட்டங்களில் அவருக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. தனக்குப் பிடிக்காததற்கும் இடம்விட்ட தீர்ப்பு அது. 1919இல் பேச்சுச் சுதந்திரம் பற்றி எழுதிய மறுப்பும் அந்த வகை. ஆனால் அதே சந்தேகம் 1927 மே மாதம் வேறு முகம் காட்டிற்று. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை மனவளர்ச்சி இல்லாதவள் என்று முத்திரை குத்தி, பிள்ளை பெறாதபடி அறுவை செய்ய அரசாங்கம் தீர்மானித்தது. பலாத்காரத்தால் பிள்ளை பெற்றவள் அவள். மனவளர்ச்சிக் குறை எதுவும் அவளுக்கு இல்லை என்பது பின்னால் தெரிந்தது. செய்யலாம் என்று தீர்ப்பு எழுதியவர் ஹோம்ஸ். ஈவு இரக்கமில்லாத, மிக அழகான இங்கிலீஷ். மேலே ஒன்றும் இல்லை, பெரும்பான்மை விரும்புகிறது, செய்துகொள்ளட்டும் என்று விடுகிறவன் ரொட்டிக்காரனைக் காப்பாற்றினான். கேரி பக்கைக் காப்பாற்ற அவனிடம் எதுவும் இல்லை. அந்த மாதிரிச் சட்டங்களால் அமெரிக்காவில் 60,000 பேருக்கும் மேல் கத்திக்குப் போனார்கள்.

எட்டுப் பேர் ஒரு பக்கம். மறுத்தவர் பியர்ஸ் பட்லர் ஒருவர்தான். அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை; கத்தோலிக்கர். காரணம் ஒரு வரிகூட எழுதவில்லை.

தீர்ப்பு எழுதின கையோடு ஹோம்ஸ் அதைப் பற்றி லாஸ்கிக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். லாஸ்கி சோஷலிஸ்ட், நாஸ்திகர், மகா கெட்டிக்காரர். அவரிடமிருந்து வந்தது பாராட்டும், மதவாதிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமே என்ற தமாஷும். இரண்டு பெரிய மூளைகள் லண்டனுக்கும் வாஷிங்டனுக்குமாகச் சிரித்துக்கொள்கின்றன. எனக்கு லாஸ்கியின் கடிதங்கள் பிடிக்கும். அந்த ஒன்றை மட்டும் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

அந்த மே மாதம் ஷீஹன் இருந்திருந்தால் அவருக்கு வயது எழுபத்தைந்து. முதலில் உடம்பைப் பற்றிக் கேட்டிருப்பார். பிறகு தோட்டம், படித்த புத்தகம். நடுவில் எங்கோ ஒரு வாக்கியம் வந்திருக்கும்.